அம்மாவின் பாட்டு எந்த போல்டரில் இருக்கிறது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் டெஸ்க்டாப்பைச் சற்று உற்றுப் பாருங்கள். மகனின் ஸ்கூல் பிராஜெக்ட்டுக்கு ஒரு போல்டர் இருக்கும். மகளின் டான்ஸ் வீடியோக்களுக்கு ஒன்று. அப்பாவின் ஆபீஸ் பேப்பர்கள், வருமான வரி சமாச்சாரங்களுக்கு ஒன்று. கல்யாண போட்டோக்கள் தனியாக இருக்கும். அம்மா பெயரில் ஏதாவது இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. கேட்டால், "அவங்களுக்கு செல்போனே போதும், கம்ப்யூட்டர்ல என்ன வேலை?" என்று பதில் வரும்.

இந்தப் பதில் எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டில் நாற்பதைத் தாண்டிய பெண்மணி ஒருவர் இருந்தால், புதிய கம்ப்யூட்டரில் அவர் பெயரில் ஒரு போல்டர் திறந்து, அவர் பள்ளி, கல்லூரி நாட்களில் விரும்பிக் கேட்ட பாடல்களை அதில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. தமிழ் சினிமாப் பாடல்களைச் சேர்த்து வைக்க வழி சொல்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் இங்கே பேச வருவது அவர் அந்த நாளில் கேட்ட ஆங்கில பாப் பாடல்களைப் பற்றி.

"எங்கள் வீட்டில் யாரும் இங்கிலீஷ் பாட்டெல்லாம் கேட்டதில்லை" என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். கேட்டுப் பாருங்கள். 1990களில் கேபிள் டிவியோடு எம்டிவியும் சேனல் வியும் நம் ஊர்களுக்கு வந்தன. லேடீஸ் ஹாஸ்டல்களில் ஒரு டேப் ரெக்கார்டரைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்டார்கள். அப்போதெல்லாம் ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. பேப்பரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் 60 நிமிட கேசட்டில் ஏ பக்கம் அரை மணி, பி பக்கம் அரை மணி என்று பதிந்து கொடுப்பார்கள். அந்த லிஸ்டில் நாலு தமிழ்ப் பாட்டுக்கு நடுவில் ஒரு பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் இருந்ததா, இல்லையா என்பதை அம்மாவிடம்தான் கேட்க வேண்டும்.

குறிப்பாக எந்தப் பாடல்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு ஒரு சுவையான கணக்கு இருக்கிறது. 2018-ஆம் ஆண்டு சேத் ஸ்டீபன்ஸ்-டேவிடோவிட்ஸ் என்பவர் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஸ்பாட்டிஃபை என்னும் இண்டர்நெட் பாட்டுச் சேவையில் யார் எந்தப் பாட்டைக் கேட்கிறார்கள் என்ற புள்ளிவிவரங்களை வைத்துக்கொண்டு, பெரியவர்களான பிறகும் ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்கும் பாட்டு அவருடைய எந்த வயதில் வெளிவந்தது என்று பார்த்தார். பெண்களுக்கு 11 முதல் 14 வயது வரை வந்த பாடல்களும், ஆண்களுக்கு 13 முதல் 16 வயது வரை வந்தவையும்தான் மனதில் மிக ஆழமாகத் தங்குகின்றன என்பது அவர் கண்ட முடிவு. அமெரிக்கக் கணக்குதான் என்றாலும் இதை வைத்து நாமும் ஒரு குத்துமதிப்பு போடலாம். 1980-இல் பிறந்தவர் என்றால் 1991 முதல் 1994 வரை. விட்னி ஹூஸ்டன், ஏஸ் ஆஃப் பேஸ், மரியா கேரி. 1984-இல் பிறந்தவர் என்றால் 1995 முதல் 1998 வரை. ஸ்பைஸ் கேர்ள்ஸ், செலின் டியோன், பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ், கடைசி வருடத்தில் பிரிட்னி ஸ்பியர்ஸ்.

இந்தப் பெயர்களைச் சொன்னதும் கம்ப்யூட்டர் தெரிந்த ஆண்கள் சிலர் லேசாகச் சிரிப்பார்கள். "அதெல்லாம் ஸ்கூல் பொண்ணுங்க கேக்கற பாட்டு சார்" என்பார்கள். நல்ல ஸ்பீக்கர் வாங்கினால் சோதித்துப் பார்க்க அவர்கள் போடுவது பிங்க் ஃப்ளாய்டாக இருக்கும், அல்லது ஈகிள்ஸ் குழுவின் ஓட்டல் கலிபோர்னியாவாக இருக்கும். கிதார் என்றால் கனம், பெண் குரலும் டான்ஸும் என்றால் லேசு என்பது அவர்கள் எண்ணம். இந்தச் சிரிப்புக்கு ஆதாரம் கிடையாது. உங்கள் மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டர் பாட்டுப் பாடக் கற்றுக்கொண்டதே இப்படிப்பட்ட "லேசான" பாடல்களை வைத்துத்தான்.

எம்பி3 பைல் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது எப்படிப் பிறந்தது என்று தெரியுமா? ஆடியோ சிடியில் ஒலியை ஒரு நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்களில் எழுதுகிறார்கள். வலது, இடது என்று இரண்டு சேனல்கள். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 14 லட்சம் பிட்களுக்கு மேல் வருகிறது. ஒரு நிமிடப் பாட்டு சுமார் 10 மெகாபைட். நாலு நிமிடப் பாட்டு 40 மெகாபைட். 1990களின் இறுதியில் டெலிபோன் லைனில் 56கே மோடம் போட்டு இதை டவுன்லோட் செய்ய வேண்டுமானால் எல்லாம் சரியாக நடந்தாலும் ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள் வீட்டில் யாராவது போனை எடுத்தால் போச்சு!

இதைச் சுருக்க ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் என்பவரும் ஃபிரான்ஹோபர் ஆராய்ச்சி நிலையத்தில் அவருடன் இருந்தவர்களும் 1980களில் பாடுபட்டார்கள். மனிதக் காதால் கேட்க முடியாத ஒலிகளையும், பெரிய சத்தத்துக்கு அடியில் மறைந்துபோகும் சின்னச் சத்தங்களையும் விட்டுவிட்டு மீதியை மட்டும் எழுதினால் பைல் பத்தில் ஒரு பங்காகிவிடும் என்பது அவர்கள் பிடித்த வழி. முறை கிட்டத்தட்டத் தயாராகிவிட்டது என்று இருந்த சமயத்தில், ஸ்பீக்கர்களைச் சோதிக்க ஒரு பாட்டைப் பயன்படுத்துகிறார்கள் என்று பிராண்டன்பர்க் ஒரு பத்திரிகையில் படித்தார். சுசான் வேகா என்ற அமெரிக்கப் பாடகியின் டாம்ஸ் டைனர். 1987-இல் வந்த ஆல்பத்தில் இருப்பது. இசைக்கருவி ஒன்றுகூடக் கிடையாது. நியூயார்க்கில் ஒரு சாதாரண ஓட்டலில் காலை நேரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் குரல் மட்டும்தான்.

அந்தப் பாட்டை அவருடைய முறையில் சுருக்கிப் போட்டால் கேட்கச் சகிக்கவில்லை! டிரம்மும் கிதாரும் கலந்த பாடல்களில் தப்பு நடந்தாலும் சத்தத்தில் மறைந்துவிடும். ஒற்றைப் பெண் குரலில் மறைக்க இடம் இல்லை. அந்தக் குரல் சரியாக வரும் வரை பிராண்டன்பர்க் தன் கணக்கைத் திரும்பத் திரும்பத் திருத்தினார். எத்தனையோ முறை அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறார். அப்படி உருவானதுதான் 1990களின் தொடக்கத்தில் உலகத் தரமாக ஏற்கப்பட்டு, 1995 ஜூலையில் டாட் எம்பி3 என்ற பெயர் பெற்றது. சுசான் வேகாவை "எம்பி3-யின் தாய்" என்று சொல்வது இதனால்தான். இதற்கிடையே 1990-இல் டிஎன்ஏ என்ற இங்கிலாந்து இரட்டையர்கள் அந்தக் குரலுக்கு அடியில் டான்ஸ் தாளம் சேர்த்து ரீமிக்ஸ் செய்ய, இங்கிலாந்தில் இரண்டாம் இடம் வரை போனது. இன்று நாற்பதுகளின் கடைசியில் இருப்பவர்களுக்கு நினைவில் இருப்பது அந்த ரீமிக்ஸாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. 1998-இல் வந்த பிலீவ் என்ற பாட்டு. பாடியவர் ஷெர். அப்போது அவருக்கு வயது 52. பாப் உலகில் அந்த வயதுப் பெண்ணை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்பதுதான் நடைமுறை. ஆனால் அந்தப் பாட்டு இங்கிலாந்தில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது, 1999-இல் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. பாட்டின் சில இடங்களில் குரல் திடீரென்று மெஷின் மாதிரி படிக்கட்டு படிக்கட்டாக ஏறி இறங்கும். அதைச் செய்தது ஆட்டோ-ட்யூன் என்ற சாப்ட்வேர். இதை எழுதிய ஆண்டி ஹில்டிபிராண்ட் அதற்கு முன் பெட்ரோல் தேடும் தொழிலில் இருந்தவர். பூமிக்குள் அதிர்வை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கம்ப்யூட்டரில் போட்டு எண்ணெய் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள் அல்லவா, அந்தக் கணக்கில் கெட்டிக்காரர். அதே கணக்கை வைத்து, பாடுபவரின் சுருதி எங்கே விலகுகிறது என்று கண்டுபிடித்துச் சரி செய்யும் புரோகிராமை 1997-இல் வெளியிட்டார். யாருக்கும் தெரியாமல் மெதுவாகச் சுருதியைச் சரிக்கட்டுவதுதான் அதன் வேலை. பிலீவ் பாட்டின் தயாரிப்பாளர்கள் அந்த வேகத்தைக் கடைசி எல்லைக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். சுருதி நழுவாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியது. ரகசியம் வெளியே போகக் கூடாது என்று, வேறு ஒரு கருவியைப் பயன்படுத்தியதாகத் தொழில்நுட்பப் பத்திரிகைக்குப் பேட்டியும் கொடுத்தார்கள்! கம்பெனிக்காரர்கள் அந்த மெஷின் குரலை எடுத்துவிடச் சொன்னபோது, கூடவே கூடாது என்று பிடிவாதமாக நின்றவர் ஷெர்தான். இன்று நம் சினிமாப் பாடல்களிலும் இந்த மெஷின் குரலைக் கேட்கிறோம். வழி திறந்தது அந்தப் பாட்டு.

ரிக்கி மார்ட்டினின் 1999-ஆம் வருடத்து ஹிட்டான லிவின் லா விடா லோகாவையும் இங்கே சொல்லிவிடலாம். டேப்பே இல்லாமல், முழுக்க முழுக்க ஹார்ட் டிஸ்க்கில் பதிந்து, எடிட் செய்து, மிக்ஸ் செய்து அமெரிக்காவில் முதலிடம் பிடித்த முதல் பாட்டு என்று ஒலிப்பதிவுத் துறையினர் அதைக் குறிப்பிடுவார்கள்.

ஆகவே "கம்ப்யூட்டருக்கும் அம்மாவின் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டால், இவ்வளவு சம்பந்தம் இருக்கிறது.

அடுத்து வரும் கேள்வி, "எல்லாப் பாட்டும் இண்டர்நெட்டில் இருக்கிறதே, எதற்குக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைக்க வேண்டும்?" என்பது. நியாயமான கேள்விதான். 1999-இல் நாப்ஸ்டர் வந்தபோது திருட்டுத்தனமாகக் கிடைத்தது, இன்று மாதச் சந்தாவில் சட்டப்படியே கிடைக்கிறது. ஸ்பாட்டிஃபை 2008-இல் ஸ்வீடனில் தொடங்கி 2019-இல் இந்தியாவுக்கு வந்தது. வசதியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே நீங்கள் கேட்பது வாடகைப் பாட்டு. வீட்டுக்காரர் எப்போது வேண்டுமானாலும் சாமானை எடுத்துக்கொண்டு போகலாம்.

வெறும் பயமுறுத்தல் என்று நினைக்காதீர்கள். ஆலியா என்ற பாடகி 2001-இல் விமான விபத்தில் 22 வயதில் இறந்துபோனார். 1996-இல் வந்த அவருடைய ஒன் இன் எ மில்லியன் ஆல்பத்தை உயிராக நேசித்த பெண்கள் அமெரிக்காவில் ஏராளம். ஆனால் உரிமை வைத்திருந்த கம்பெனியின் இழுபறியால் அந்த ஆல்பம் இண்டர்நெட் சேவைகளுக்கு வந்து சேர்ந்தது 2021 ஆகஸ்டில்தான். அத்தனை வருடமும் அதைச் சுலபமாகக் கேட்க முடிந்தவர் யார்? பழைய சிடியைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தவர்.

ஜோஜோ என்ற பாடகியின் கதை இதைவிட விநோதம். 2004-இல் 13 வயதில் அவர் பாடிய முதல் பாட்டே பெரிய ஹிட். அதே கம்பெனிச் சிக்கலால் அவருடைய முதல் இரண்டு ஆல்பங்களும் இண்டர்நெட் சேவைகளில் இல்லாமல் போயின. பொறுத்துப் பார்த்துவிட்டு, 2018 டிசம்பரில் 28 வயதில் அவரே இரண்டையும் முதலிலிருந்து மறுபடி பாடி வெளியிட்டார். அவர் செய்தது சரியான காரியம், கைதட்டத்தான் வேண்டும். ஆனால் கேட்பவர் மனதில் இருப்பது 13 வயதுக் குரல் அல்லவா? டெய்லர் ஸ்விஃப்ட்டும் தன் முதல் ஆறு ஆல்பங்களின் உரிமை கைமாறிப் போனதால் 2021 முதல் நான்கு ஆல்பங்களை மறுபடி பாடி வெளியிட்டார், 2025-இல் பழைய பதிவுகளையும் விலைக்கு வாங்கிவிட்டார். இப்படி மறுபடி பாடுவது பழைய பாடகர்கள் மத்தியில் சகஜம். இண்டர்நெட்டில் பாட்டின் பெயரைத் தேடும்போது முதலில் வந்து நிற்பது எந்தப் பதிவு என்று பார்த்துக் கேட்பவர்கள் குறைவு. "என்னவோ மாதிரி இருக்கே, அந்தப் பாட்டு இது இல்லையே" என்று அம்மா சொன்னால், காது மந்தமாகிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அவர் சொல்வது சரியாகவே இருக்கக்கூடும். ரீமாஸ்டர் என்ற பெயரில் சத்தத்தை மட்டும் ஏற்றிவிட்டு, மென்மையான இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் இருந்த வித்தியாசத்தை அழித்துவிடும் வழக்கமும் இருக்கிறது. பழைய சிடி அந்த விதத்தில் மேல்.

அதனால்தான் சொல்கிறேன், பரணில் இருக்கும் அட்டைப் பெட்டியை இறக்குங்கள்.

பெட்டியில் மூன்று வகைச் சரக்கு இருக்கலாம். முதலாவது கம்பெனி ஆடியோ சிடி. இன்றைய லேப்டாப்களில் சிடி டிரைவ் இருப்பதில்லை. யுஎஸ்பி-யில் சொருகும் வெளி டிரைவ் தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள். சிடியில் இருக்கும் பாட்டைச் சாதாரண பைல் போல காப்பி, பேஸ்ட் செய்ய முடியாது. அதற்கு ரிப் செய்வது என்று பெயர். விண்டோஸுடன் வரும் மீடியா பிளேயரிலேயே இந்த வசதி உண்டு. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச புரோகிராம் கீறல் விழுந்த சிடியையும் பொறுமையாகத் திரும்பத் திரும்பப் படித்து எடுக்கும். எந்த வகை பைலாக எழுதட்டும் என்று கேட்கும்போது ஃபிளாக் என்பதைத் தேர்ந்தெடுங்கள். எம்பி3 போல எதையும் தூக்கி எறியாமல் சுருக்கும் முறை இது. ஒரு ஆல்பம் சராசரியாக 300, 400 மெகாபைட் ஆகும். நூறு சிடி வைத்திருந்தாலும் 40 ஜிபி-க்குள் அடங்கிவிடும். உங்கள் டிஸ்க் 512 ஜிபி என்றால் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இரண்டாவது, 2000களில் பிளாட்பாரத்திலும் கம்ப்யூட்டர் கடைகளிலும் கிடைத்த எம்பி3 சிடி, அல்லது யாரோ எழுதிக் கொடுத்த சிடி. ஒன்றில் நூற்றைம்பது பாட்டு இருக்கும். இதில் இருப்பவை ஏற்கெனவே பைல்கள். அப்படியே போல்டருக்கு காப்பி செய்தால் போதும். இவற்றை ஃபிளாக்காக மாற்றுகிறேன் என்று கிளம்பாதீர்கள், போன ஒலி திரும்பி வராது, பைல் மட்டும்தான் பெருக்கும். எழுதும் வகை சிடிக்கு ஆயுள் குறைவு. வெயில் படும் இடத்தில் இருந்தால் இன்னும் குறைவு. எனவே முதலில் கை வைக்க வேண்டியது இதில்தான்.

மூன்றாவது, கேசட். ரெக்கார்டிங் சென்டர் கேசட் இருந்தால் அதற்குத்தான் என் ஓட்டு. கம்பெனி ஆல்பத்தை வேறு எங்காவது தேடிப் பிடித்துவிடலாம். ஆனால் நாலு தமிழ்ப் பாட்டு, ஒரு ஏஸ் ஆஃப் பேஸ், மறுபடி தமிழ் என்று அம்மா தன் கையால் எழுதிக் கொடுத்த அந்த வரிசை உலகத்தில் அந்த ஒரு கேசட்டில்தான் இருக்கிறது. (ஏஸ் ஆஃப் பேஸுக்கும் கேசட்டுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. அவர்கள் அனுப்பிய மாதிரி கேசட் டென்னிஸ் பாப் என்ற ஸ்வீடன் தயாரிப்பாளரின் காரில் சிக்கிக்கொண்டு வெளியே வரவில்லையாம். வேறு வழியில்லாமல் அதையே கேட்டுக் கேட்டு, கடைசியில் அந்தப் பாட்டைத் தயாரித்தே விட்டார். அவரிடம் தொழில் பழகிய மேக்ஸ் மார்ட்டின்தான் பிரிட்னி ஸ்பியர்ஸின் முதல் ஹிட்டையும், பேக்ஸ்ட்ரீட் பாய்ஸின் 1999 ஹிட்டையும் எழுதியவர். இங்கிலீஷ் தாய்மொழி இல்லாதவர்கள் மெட்டைப் போட்டுவிட்டு அதில் உட்காரும் வார்த்தையைத் தேடினார்கள். வரிக்கு அர்த்தம் என்ன என்று அமெரிக்கர்களே மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். மெட்டுக்குப் பாட்டெழுதியே பழகிய நமக்கு அதில் ஆச்சரியம் இல்லை.)

நம் ஊர் ஈரக் காற்றில் கேசட் டேப்பின் மேல் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும். அப்படி இருந்தால் பிளேயரில் போட வேண்டாம், டேப்பும் கெடும், ஹெட்டும் கெடும். நன்றாக இருக்கும் கேசட்டை முழுதாக ஒருமுறை முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு, பிளேயரின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஒரு வயரை எடுத்துக் கம்ப்யூட்டரின் லைன்-இன்னில் கொடுங்கள். லேப்டாப்பில் லைன்-இன் இருக்காது, விலை குறைந்த யுஎஸ்பி ஆடியோ அடாப்டர் ஒன்று தேவைப்படும். ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரில் சிவப்புப் பட்டனை அழுத்தினால் பதிவு ஆரம்பமாகும். சத்தத்தின் அளவைக் காட்டும் பட்டை கடைசி வரை போய் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டினால் குரல் பிளந்து கேட்கும். 60 நிமிட கேசட்டுக்கு 60 நிமிடம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. ஒலி சுத்தம் செய்யும் வசதியும் அதில் உண்டு. அதை அளவோடு பயன்படுத்துங்கள். இரைச்சலை முழுக்கத் துடைத்தால் குரலும் கூடவே தேய்ந்துபோகும். என்னைக் கேட்டால் இரைச்சலோடு ஒரு பிரதியை அப்படியே வைத்துக்கொள்வது உத்தமம்.

இது திருட்டு ஆகாதா என்று சிலர் கேட்கலாம். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சிடியை உங்கள் சொந்த உபயோகத்துக்குக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது வேறு, அதை ஊருக்கெல்லாம் அனுப்புவது வேறு. நம் காப்புரிமைச் சட்டத்தில் சொந்த உபயோகத்துக்கு இடம் இருக்கிறது. இரண்டாவதைச் செய்யாதீர்கள்.

இந்த வேலையை நீங்களே செய்து முடித்து அம்மாவிடம் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். மவுஸை அவரிடம் கொடுங்கள். கம்ப்யூட்டர் கிளாஸ்களில் போய்ச் சேர்ந்தால் முதல் நாளே எக்ஸெல்லில் சம்பளப் பட்டியல் போடச் சொல்கிறார்கள். சம்பளம் வாங்காமல் இருபது வருடம் வீட்டு வேலை செய்தவருக்கு அதில் என்ன ஆர்வம் வரும்? ஆனால் ஒரு சிடியை ரிப் செய்து முடிப்பதற்குள் போல்டர் திறப்பது, பெயர் மாற்றுவது, பைலின் அளவு பார்ப்பது, ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு நகர்த்துவது என்று அத்தனை அடிப்படையும் கைக்கு வந்துவிடும். புரோகிராம் பாட்டின் பெயர்களை இண்டர்நெட்டில் தேடித் தானே நிரப்பும். சில சமயம் தப்பாக நிரப்பும். அதைத் திருத்த உங்களால் முடியாது, எந்தப் பாட்டு எது என்று தெரிந்தவர் அவர்தான்.

எல்லாம் முடிந்ததும் போல்டரை முழுதாக ஒரு பென் டிரைவிலும், முடிந்தால் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கிலும் காப்பி செய்துகொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டது என்று சிடிகளையும் கேசட்டுகளையும் பழைய பேப்பர்காரரிடம் எடை போட்டுவிட வேண்டாம். கேசட் டப்பாவுக்குள் பாட்டு லிஸ்ட் எழுதிய அட்டை ஒன்று இருக்கும். அதையும் ஸ்கேன் செய்து, ஜேபெக் படமாக, போல்டர் என்றே இங்கிலீஷில் பெயர் கொடுத்து அந்தப் பாட்டுகளோடு வையுங்கள். பெரும்பாலான பிளேயர்கள் பாட்டு ஓடும்போது அந்தப் படத்தையே ஆல்பம் அட்டையாகத் திரையில் காட்டும்.